இருட்டறையிலிருந்து எழுத வேண்டிய வரலாறு

செட்டிநாட்டுக் கானாடுகாத்தான் வீடுகளைப் பற்றி எழுதுகிறவர்கள் ஒவ்வொரு பொருளுக்கும் ஊர் சொல்லத் தவறுவதில்லை. தூணுக்குப் பர்மாத் தேக்கு, தரைக்கு இத்தாலியப் பளிங்கு, நிலைக்கண்ணாடிக்கு பெல்ஜியம், பூ வேலைப்பாட்டுத் தரைக்கல்லுக்கு ஆத்தங்குடி. 1912இல் எழுந்த ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் அரண்மனையைப் பற்றிப் பேசினாலும் சரி, பக்கத்துத் தெருவில் ஆண்டு முழுவதும் பூட்டிக் கிடக்கும் வீட்டைப் பற்றிப் பேசினாலும் சரி, இந்தப் பட்டியல் வந்துவிடும். அதே வீடுகளின் முகப்பிலும், வளவு எனும் உள்முற்றப் பகுதியின் சுவர்களிலும் சற்றே முன்சாய்ந்து தொங்கும் கறுப்பு வெள்ளைப் படங்களிடம் வரும்போது இந்த அக்கறை நின்றுவிடுகிறது. படத்தில் இருப்பவர் யார், எந்த ஊரில் கொண்டுவிற்று வணிகம் செய்தார், எத்தனை பிள்ளைகள் என்பதெல்லாம் சொல்லப்படும். அந்தத் தாளில் அந்த முகத்தை வரவழைத்தவர் யார், எந்த அறையில், எந்தத் தண்ணீரில் என்று யாரும் கேட்பதில்லை. செட்டிநாட்டின் புகைப்பட வரலாற்றை நாம் சுவரிலிருந்தே எழுதிவந்திருக்கிறோம். அதனால் அது படம் எடுத்துக்கொண்டவர்களின் வரலாறாக மட்டுமே நிற்கிறது. அதை இருட்டறையிலிருந்து எழுத வேண்டும் என்பதே என் வாதம். அப்படி எழுதினால்தான் இந்தப் படங்கள் எவ்வளவு உழைப்பின் பயன் என்பதும், அவற்றில் எதைக் காப்பாற்ற வேண்டும் என்பதும் தெரியவரும்.

படம் எடுப்பதும் பிரிண்ட் போடுவதும் இரு வேறு தொழில்கள் என்பதை நாம் மறந்ததற்குக் காரணம் உண்டு. 1888இல் ஜார்ஜ் ஈஸ்ட்மன் சந்தைக்குக் கொண்டுவந்த கோடாக் கேமராவில் 100 படங்களுக்கான சுருள் இருந்தது. எடுத்து முடித்ததும் கேமராவையே ஆலைக்கு அனுப்பிவிட வேண்டும். படங்களைப் போட்டு, புதுச் சுருளையும் ஏற்றித் திருப்பி அனுப்புவார்கள். அன்று முதல் வாடிக்கையாளரின் கண்ணிலிருந்து இருட்டறை மறைந்தது. ஆனால் வேலை மறையவில்லை. ஒரு நொடிக்குள் நெகட்டிவில் பதிந்த உருவத்தைத் தாளுக்குக் கொண்டுவரச் சிவப்பு விளக்கின் அடியில் ஒருவர் நின்றாக வேண்டும். வெள்ளி உப்புப் பூசிய தாளின் மேல் நெகட்டிவை வைத்து எத்தனை நொடி வெளிச்சம் காட்டுவது என்று முதலில் ஒரு துண்டுத் தாளில் சோதிக்க வேண்டும். முகம் கறுக்காமல் இருக்க அந்த இடத்துக்கு மட்டும் கையால் நிழல் கொடுக்க வேண்டும். வெளுத்துப்போன வேட்டிக்கு இன்னும் சில நொடி கூடுதலாக வெளிச்சம் விட வேண்டும். டெவலப்பரில் உருவம் எழுந்துவரும்போது எந்த நிறத்தில் எடுப்பது என்று முடிவு செய்து, அமிலக் கரைசலில் நிறுத்தி, ஹைப்போவில் நிலைக்க வைத்து, பிறகு பலமுறை தண்ணீர் மாற்றிக் கழுவ வேண்டும். ஒரே நெகட்டிவிலிருந்து இருவர் பிரிண்ட் போட்டால் அவை ஒன்றுபோல் இராது. சுவரில் நாம் பார்க்கும் முகத்தின் சாயல், அந்த இருட்டில் ஒருவர் எடுத்த முடிவு.

இந்த வேலையில் நம் நாட்டு வெயிலுக்கும் பங்கு இருந்தது என்பதற்கு மிகப் பழைய சான்று இந்த வட்டாரத்திலேயே கிடைக்கிறது. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக 1856இல் அமர்த்தப்பட்ட லினேயஸ் ட்ரைப், மதுரை, தஞ்சாவூர், திருச்சி, ஸ்ரீரங்கத்தோடு கானாடுகாத்தானை அடுத்த புதுக்கோட்டைச் சீமையையும் 1858இல் படமாக்கினார். அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் பரவியிருந்த முறை ஈரக் கொலோடியன். கண்ணாடித் தகட்டில் பூசிய மருந்து காய்வதற்குள் படம் எடுத்து அங்கேயே கழுவியாக வேண்டும். நம் வெயிலில் அது நிமிடங்களில் காய்ந்துவிடும். ட்ரைப் பெரிதும் நம்பியது மெழுகேற்றிய தாள் நெகட்டிவை; அதை முன்கூட்டியே தயார் செய்து எடுத்துச் செல்லலாம், பிறகு ஆற அமரக் கழுவலாம். வானம் வெற்று வெளியாக வந்த நெகட்டிவுகளில் அவரே வண்ணம் தீட்டி மேகங்களைச் சேர்த்தார். அரசுக்குத் தொகுதி தொகுதியாகப் பிரிண்ட் போட்டுக் கொடுப்பதற்கு பெங்களூரில் உதவியாளர்களோடு அவர் செலவிட்ட காலம், பயணத்தில் செலவிட்டதைவிடக் குறைவாக இல்லை. 1859இல் ஆளுநராக வந்த சார்லஸ் ட்ரெவெலியன் இதை வீண் செலவு என்று கருதி நிறுத்தியதற்கும் அந்தப் பிரிண்ட் வேலையின் சுமையே முக்கியக் காரணம் எனலாம். ஆக, இந்த மண்ணின் புகைப்பட வரலாறு தொடங்கும்போதே முறையைத் தீர்மானித்தது இருட்டறை. இருட்டறையைத் தீர்மானித்தது இங்குள்ள தட்பவெப்பம்.

இங்கே ஒரு மறுப்பு எழும். நகரத்தார் எனப்படும் செட்டியார்களின் வீட்டுச் சுவரில் இருக்கும் படங்களில் பல இங்கே போடப்பட்டவையே இல்லையே என்பார்கள். அது உண்மை. மூன்றாண்டுக் கணக்குக்குக் கடல் கடந்து போய், கிட்டங்கி எனும் வணிக இல்லத்தில் தங்கி வட்டித்தொழில் நடத்தியவர்கள் பெரும்பாலும் மனைவி மக்களை ஊரிலேயே விட்டுச் சென்றார்கள். பர்மாவில் மட்டும் அவர்களுடைய முதலீடு 75 கோடி ரூபாய் என்று 1930 வாக்கில் அங்குள்ள வங்கித் தொழில் விசாரணைக் குழு மதிப்பிட்டது. ரங்கூனில் பிலிப் கிளியர், சிங்கப்பூரில் ஜி. ஆர். லாம்பர்ட், கொழும்பில் 1890இல் தொடங்கிய பிளாட்டே என்று அவர்கள் தொழில் செய்த துறைமுகங்களிலெல்லாம் பெயர்பெற்ற ஸ்டுடியோக்கள் இருந்தன. படத்தை ஒட்டிய அட்டையில் பெயரையும் ஊரையும் அச்சிடுவது அக்கால ஸ்டுடியோக்களின் வழக்கம். அப்படியானால் இது ரங்கூனின் வரலாறு, கானாடுகாத்தானின் வரலாறு ஆகுமா? தேக்கு மரம் வளர்ந்தது பர்மாவில்; ஆனாலும் அந்தத் தூணைச் செட்டிநாட்டுத் தூண் என்றுதான் சொல்கிறோம். சுதை வேலை செய்தவர்களும் மரம் செதுக்கியவர்களும் வீட்டுக்காரர்கள் இல்லை. ஆனாலும் அவர்கள் திறமை இந்த ஊரின் பெருமையில் சேர்ந்திருக்கிறது. தச்சருக்கும் கொத்தனாருக்கும் கொடுத்த இடத்தைப் பிரிண்ட் போட்டவருக்கு மறுப்பதற்கு நியாயம் கிடையாது. அட்டையில் உள்ள ஊர்ப்பெயர் இந்த வாதத்தைப் பலப்படுத்தவே செய்கிறது: கணவன் ஓரிடத்திலும் குடும்பம் ஓரிடத்திலுமாக வாழ்ந்த சமூகத்தில், எந்த ஊர் இருட்டறையில் பிறந்த படம் எந்த வளவில் வந்து சேர்ந்தது என்பதே பிரிவின் வரைபடம்.

அடுத்த மறுப்பு வேதியியல் சார்ந்தது. ஹைப்போ வெள்ளி உப்பைக் கரைக்கும் என்று ஜான் ஹெர்ஷல் 1819இலேயே கண்டுவிட்டார். அது லண்டனில் எப்படிக் கரைக்குமோ அப்படித்தான் காரைக்குடியிலும் கரைக்கும். இதில் ஊருக்கு என்ன வேலை என்று கேட்கலாம். வீட்டில் முதன்முதலாகப் பிரிண்ட் போட முனைகிறவர் சந்திக்கும் சிக்கல்களை வரிசையாக எடுத்துப் பார்த்தால் இதற்குப் பதில் கிடைக்கும். கையேடுகளில் கண்ட நேரக் கணக்கெல்லாம் ஏறத்தாழ 20 டிகிரி செல்சியஸ் வெப்பத்துக்கு உரியவை. சித்திரை வைகாசியில் இந்தப் பக்கம் 38 டிகிரியைத் தாண்டும். கிணற்றுத் தண்ணீரே 28க்குக் குறையாது. அந்தச் சூட்டில் டெவலப்பர் அவசரப்படும், படம் புகைமூட்டமாக வரும். மருந்தைத் தாங்கி நிற்கும் ஜெலட்டின் ஊறி மென்மையாகி, விளிம்பில் சுருங்கி, சில வேளை தாளை விட்டே நழுவிவிடும். இதற்கென்றே வெப்ப நாடுகளுக்குத் தனி மருந்துக் குறிப்புகள் உருவாயின. ஜெலட்டின் ஊறாமல் தடுக்க டெவலப்பரில் சோடியம் சல்பேட் சேர்ப்பது, குரோம் படிகாரத்தால் அதை இறுகச் செய்வது, ஐஸ் கட்டியைச் சுற்றிலும் வைப்பது, இரவு ஏறிய பிறகு மட்டுமே வேலை செய்வது எல்லாம் அந்த வகை. அடுத்தது தண்ணீர். ஊருணியை நம்பி வாழ்ந்த வறண்ட நாட்டில், ஓடும் நீரில் ஒரு மணி நேரம் அலச வேண்டும் என்ற கையேட்டு விதி எளிதில் நடக்கக்கூடியது அல்ல. கழுவல் குறைந்தால் தாளில் தங்கிய ஹைப்போ ஆண்டுகள் கழித்து வெள்ளியைத் தின்று மஞ்சளாக்கிவிடும். இன்று மங்கிப்போன ஒரு படத்தைப் பார்த்துக் காலத்தைக் குறை சொல்கிறோம். பல சமயம் அது அந்த ஆண்டின் தண்ணீர்ப் பஞ்சமாகவும் இருக்கலாம்.

ஆனால் இந்த வீடுகள் இருட்டறைக்கு எதிரானவை அல்ல. வளவைச் சுற்றி வரிசையாக அமைந்த அறைகளில் உட்புற அறைகள் வெளிச்சம் குறைந்தவை. தடித்த சுண்ணாம்புச் சுவர் வெளிச் சூட்டை உள்ளே விடாது. சாய்ந்த கூரைகளிலிருந்து முற்றத்தில் இறங்கும் மழைநீரைப் பெரிய பாத்திரங்களில் பிடித்து வைப்பது இங்குள்ள பழக்கம். உப்புக் கலவாத அந்த நீர்தான் மருந்து கலக்க ஏற்றது என்று புகைப்படக் கையேடுகளும் சொல்லும். முற்றத்து வெயிலும் வீண் போகாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பரவிய வெயில் பிரிண்ட் தாளுக்கு டெவலப்பரே தேவையில்லை. நெகட்டிவையும் தாளையும் சட்டத்தில் இறுக்கி வெயிலில் வைத்தால் உருவம் தானே கறுத்து வரும். பிறகு தங்க உப்பில் நிறமேற்றி ஹைப்போவில் நிலைநிறுத்தினால் போதும். 1893இல் வந்த வெலாக்ஸ் போன்ற தாள்களுக்குச் சாதாரண விளக்கு வெளிச்சமே போதுமானதாக இருந்தது. படத்தைப் பெரிதாக்கும் என்லார்ஜருக்குத்தான் பெரும்பாலும் மின்சாரம் தேவைப்பட்டது. நெகட்டிவின் அளவிலேயே பிரிண்ட் போட, மின்கம்பி வராத ஊரிலும் தடை இருக்கவில்லை. வேதியியல் எங்கும் ஒன்றே என்பது சரி. அதைக் கையாளும் கைப்பழக்கம் ஊருக்கு ஊர் வேறு. அந்தப் பழக்கமே வரலாற்றின் பொருள்.

படத்தில் இடம்பெறுவதோடு நிற்காமல் படம் ஆக்கும் தொழிலையே கற்க வேண்டும் என்று இந்த மண்ணிலிருந்து புறப்பட்டவர்களில் தலையானவர் ஏ. கே. செட்டியார். 1911இல் காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் பிறந்தவர். ரங்கூனில் 'தனவணிகன்' இதழை நடத்தியவர். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை ஒரு நல்ல கேமரா வாங்கிக்கொண்டு, மீதி வேலையைக் கடைக்காரரிடம் விட்டிருக்கலாம். அவரோ டோக்கியோவுக்குப் போய்ப் புகைப்படக் கலை படித்தார். அது போதாதென்று நியூயார்க்கிலும் படித்தார். 1937இல் அங்கிருந்து கப்பலில் திரும்பும்போதுதான் காந்தியடிகளைப் பற்றிய ஆவணப் படத்தின் எண்ணம் தோன்றியது. உலகம் முழுவதும் அலைந்து, பலர் பல ஆண்டுகளில் எடுத்திருந்த சுமார் 50,000 அடிப் படச்சுருளைத் திரட்டி 1940இல் அதை வெளியிட்டார். இந்தச் சாதனையை அவருடைய பயண ஆர்வத்துக்கும் காந்தி பக்திக்கும் உரியதாகச் சொல்வது வழக்கம். எனக்கு அதில் இன்னொன்றும் தெரிகிறது. நெகட்டிவ் எது, அதன் பிரதி எது, எந்தச் சுருளிலிருந்து நல்ல பிரதி எடுக்க முடியும் என்று அறிந்தவரால்தான் அப்படித் தேடித் திரட்ட முடியும். அவர் கற்ற இருட்டறைப் பாடம் அங்கே பயன்பட்டது. அந்தப் படத்துக்குப் பின்னர் நேர்ந்ததும் நமக்கு ஒரு பாடம்: தமிழில் வந்த மூல வடிவம் இன்று கிடைக்கவில்லை, 1953இல் அமெரிக்காவில் வெளியான ஆங்கில வடிவத்தின் பிரதிதான் பல பத்தாண்டுகளுக்குப் பிறகு அந்நாட்டில் கண்டெடுக்கப்பட்டது. பிரதி இருந்தது, மூலம் போயிற்று.

சுதந்திரத்துக்குப் பிந்தைய பத்தாண்டுகளில் இருட்டறை நம் சிற்றூர்களுக்கு நெருங்கி வந்தது. இறக்குமதிக் கட்டுப்பாட்டால் வெளிநாட்டுத் தாளும் ஃபிலிமும் அரிதான நேரத்தில், 1960இல் உதகமண்டலத்தில் இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் நிறுவப்பட்டு, 1967இல் உற்பத்தி தொடங்கியது. 'இந்து' என்ற பெயரில் வந்த அதன் ஃபிலிமும் பிரிண்ட் தாளும் நாடெங்கும் ஸ்டுடியோக்களை நடத்தின. பென்சிலால் நெகட்டிவில் டச்சிங் செய்வது, பாஸ்போர்ட் படங்களை இரவோடு இரவாகக் கழுவிக் காயப்போடுவது என்று ஒரு தலைமுறை அந்தச் சிவப்பு வெளிச்சத்தில் பிழைத்தது. பிறகு வண்ணப்படம் வந்தது, இயந்திர லேப் வந்தது, டிஜிட்டல் வந்தது. உதகை ஆலையும் மூடப்பட்டது. இடம் அடைக்கிறது என்று நெகட்டிவ் பெட்டிகள் தூக்கி எறியப்பட்டன. கண்ணாடித் தகடுகளின் மருந்தைச் சுரண்டிவிட்டுக் கண்ணாடியைப் பயன்படுத்துவதும், வெள்ளிக்காக ஃபிலிமை விற்பதும் உலகெங்கும் நடந்தவை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் முன்னோர் படங்கள் விலைக்குக் கிடைக்கின்றன. அங்கே பெரும்பாலும் விலை பெறுவது தேக்குச் சட்டம்தான்.

இன்றைக்குச் சொல்லப்படும் கடைசி மறுப்பு, எல்லாவற்றையும் ஸ்கேன் செய்துவிட்டால் போதுமே என்பது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழ்நாட்டு ஸ்டுடியோப் படங்களைத் தேடி டிஜிட்டல் வடிவில் பதிவு செய்த பணி அரியது. அது நடந்திராவிட்டால் பல படங்கள் தடமின்றிப் போயிருக்கும். ஆனால் ஸ்கேன் காப்பது உருவத்தை. எந்த வகைத் தாள், எந்த நிறமேற்றல், பின்புறத்து முத்திரை, விளிம்பில் ஏறிய மஞ்சள், நெகட்டிவில் டச்சிங் பென்சில் தொட்ட இடம் ஆகியவை பொருளிலேயே தங்கியிருப்பவை. மேலே சொன்ன வரலாற்றின் சான்றுகளும் அவையே. கோட்டையூர் ரோஜா முத்தையா, பிறர் குப்பை என்று ஒதுக்கிய நோட்டீசையும் பாட்டுப் புத்தகத்தையும் அச்சிட்ட தாள் என்பதற்காகவே சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபோது அந்தச் சேகரிப்பு ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகளாக வளர்ந்திருந்தது. 1994இல் சென்னையில் நூலகமாயிற்று. இன்று தமிழ் அச்சு வரலாற்றை எழுதுகிறவர் அதைத் தவிர்த்துவிட்டு எழுத முடியாது. அச்சுத் தாளுக்கு ஒரு கோட்டையூர்க்காரர் செய்ததை, வெள்ளித் தாளுக்கும் நெகட்டிவுக்கும் செட்டிநாடு இன்னும் செய்யவில்லை. செட்டிநாட்டுக் கிராமங்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் 2014இல் சேர்ந்தபோது முன்வைக்கப்பட்டவை கட்டடங்களும் தெருக்களுமே. அந்தக் கட்டடங்களில் வாழ்ந்தவர்களின் முகத்தைக் காட்டும் தாள்களுக்கும் அதே தகுதி உண்டு. ஒவ்வொரு படத்தோடும் இருப்பவர் பெயரை எழுதுவது போலவே ஸ்டுடியோவின் பெயர், ஊர், தாளின் தன்மை, நெகட்டிவ் எங்கே என்ற விவரத்தையும் எழுதி வைக்க வேண்டும். இருட்டறை வேலை தெரிந்த முதியவர்கள் இருக்கும்போதே அவர்களுடைய கைமுறைகளைக் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். இவை பெரும் பணம் கேட்கும் வேலைகள் அல்ல. தூணுக்கும் கல்லுக்கும் ஊர் சொல்லப் பழகிய ஓர் ஊருக்கு, படத்துக்கும் ஊரும் கையும் சொல்வது கடமை.