இலைத் துருவும் தோட்டத் தமிழரும்

கோல சிலாங்கூர், புக்கிட் ரோத்தான், இன்று பெஸ்தாரி ஜெயா என வழங்கும் பத்தாங் பெர்ஜுந்தை ஆகிய ஊர்களைச் சுற்றி நாம் இப்பொழுது காண்பது பெரும்பாலும் செம்பனை. அதற்கு முன் அங்கே நிரை நிரையாகப் பால்மரம் நின்றதை முதியோர் அறிவர். பால்மரத்துக்கும் முன்பு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், சிலாங்கூர்த் தாழ்நிலங்களில் காப்பி பயிராயிற்று என்பதை அறிந்தோர் சிலரே. இம்மாற்றங்களின் தொடக்கத்தைத் தேடிச் சென்றால், இலங்கை மலையொன்றில் ஒரு காப்பி இலையின் பின்புறத்தில் போய் நிற்போம்.

1869ஆம் ஆண்டில் இலங்கையின் மடுல்சீமைப் பகுதித் தோட்டமொன்றில் காப்பி இலைகளின் மேற்புறம் மஞ்சட் புள்ளிகள் தோன்றின. இலையைத் திருப்பினால், இரும்பில் படியும் துருவைப் போன்று செம்மஞ்சள் நிறப் பொடி விரலில் ஒட்டிற்று. பேராதனைப் பூங்காவின் தலைவராயிருந்த துவெய்ட்சு அவ்விலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே பூசண ஆராய்ச்சியிற் பெயர்பெற்ற பெர்க்கிலி என்பார் அவற்றை ஆராய்ந்து, அவ்வாண்டிலேயே நோய்க்கு ‘எமிலியா வாஸ்டாட்ரிக்ஸ்’ என்று பெயரிட்டார். அப்பூசணத்தின் நுண்வித்து ஒருபுறம் வழவழப்பாயும் மறுபுறம் முள்முள்ளாயும் இருக்கும். பெயரின் முற்பகுதி ‘பாதி வழுவழுப்பு’ என்றும், பிற்பகுதி ‘பாழாக்குவது’ என்றும் பொருள்படும். தோட்டத் துரைமாரோ இதனைப் ‘பாழாக்கும் எமிலி’ என்று வேடிக்கைப் பெயரிட்டு அழைத்தனர்.

வேடிக்கையாகக் கொள்ளுமளவுக்கு முதலில் நோய் எளியதாகத் தோன்றியது என்பதே ஈண்டுக் கருதத்தக்கது. நோயுற்ற மரம் உடனே பட்டுவிடுவதில்லை. இலை உதிரும், மழை பெய்ததும் புதிய தளிர் விடும். விளைச்சல் ஆண்டுதோறும் சிறிது சிறிதாகவே குறைந்தது. அதே காலத்தில் காப்பியின் விலை உயர்ந்தமையால் வருவாயில் குறை தெரியவில்லை. ஆகவே, நோய் பரவிக்கொண்டிருந்த ஆண்டுகளிலேயே காடழித்துப் புதிய காப்பித் தோட்டங்களும் போட்டனர். கணக்கேடு நலமென்று கூறியது. இலை அவ்வாறு கூறவில்லை.

நோய் கண்டு பத்தாண்டுகளுக்குப் பின்னரே, 1880இல், மார்ஷல் வார்டு என்னும் இளம் தாவரநூல் அறிஞர் இலங்கைக்கு வரவழைக்கப்பட்டார். பிசுபிசுப்பான நீர்மம் தடவிய கண்ணாடித் துண்டுகளைத் தோட்டங்களில் அங்கங்கே தொங்கவிட்டு, காற்றில் வருவன எவை என்று நுண்ணோக்கியால் அவர் பார்த்தார். துருவின் வித்துகள் அவற்றில் ஒட்டியிருந்தன. நோய் காற்றின் வழியே தோட்டம் விட்டுத் தோட்டம் தாவுகிறது என்பதும், ஈரம் தங்கிய இலையில் வித்து முளைத்து உட்புகுகிறது என்பதும் தெளிவாயின. உட்புகுந்த பின் புள்ளி வெளியே தெரிவதற்கு இரண்டு மூன்று வாரங்கள் செல்லும். கண்ணுக்குத் தெரிகின்ற நாள் நோய் வந்த நாளன்று. வந்து குடியேறிய பின் கதவைத் திறந்து காட்டும் நாளே அது. மலை மலையாக இடைவெளியின்றி ஒரே பயிரை நட்டமை காற்றில் வந்த வித்துக்கு விரித்து வைத்த பாயாயிற்று என்பதையும் வார்டு எடுத்துக் காட்டினார். ஆனால் அறிவு வந்தபோது காலம் கடந்திருந்தது.

1870ஐ ஒட்டி ஆண்டுக்குச் சுமார் பத்து இலட்சம் அந்தர் காப்பியை ஏற்றுமதி செய்த இலங்கை, அந்நூற்றாண்டு முடிவதற்குள் காப்பி நாடு என்னும் பெயரையே இழந்தது. 1884இல் ஓரியண்டல் பாங்கு வீழ்ந்தது. காப்பி நின்ற மலைகளில் தேயிலை ஏறியது. காப்பிப் பருவத்துக்கு வந்து மீளும் வழக்கமுடைய தமிழ்த் தொழிலாளர், ஆண்டு முழுதும் கொழுந்து கிள்ள வேண்டிய தேயிலையால் லயங்களிலேயே தங்கி வாழ்வோராயினர்.

இலங்கைத் துரைமார் சிலர் மலாயாவுக்குக் கப்பலேறினர். ஹெஸ்லாப் ஹில் போன்றோர் அவ்வாறு வந்தவர்கள். அவர்களுடைய தோட்ட முறையும், தமிழ்த் தொழிலாளரைக் கங்காணி வழியாகத் திரட்டும் பழக்கமும் உடன் வந்தன. தாழ்நிலத்துக்கு ஏற்றதென்றும் துருவைத் தாங்கவல்லதென்றும் கருதி, லைபீரியக் காப்பியை இங்கே நட்டனர். எனினும் 1890களின் பிற்பகுதியில் பிரேசிலின் மிகுவிளைச்சலால் காப்பி விலை சரிந்தது. காப்பி நிரைகளுக்கு இடையே ரப்பர்க் கன்றுகள் ஏறின. பின்னர்க் காப்பி போய் ரப்பரே நின்றது. ரப்பருக்கு ஆள் வேண்டியே 1907இல் தமிழர் குடியேற்ற நிதி அமைக்கப்பட்டது. நம் முன்னோர் இங்கு வந்தமைக்குப் பஞ்சம், கடன், சாதிக் கொடுமை, கங்காணியின் சொல் எனக் காரணங்கள் பல. எல்லாவற்றுக்கும் துருவே காரணம் என்பது மிகையாகும். ஆயினும், அவர்கள் வந்த பாதையை வகுத்தவற்றுள் அந்தச் செம்பொடியும் ஒன்று என்பதை மறுத்தற்கில்லை.

இலங்கையின் பாடம் அத்துடன் முடிந்துவிடவில்லை. பிரேசிலில் போர்டு நிறுவனம் 1928இல் தொடங்கிய ரப்பர்த் தோட்டங்களைத் தென்னமெரிக்க இலைக்கருகல் என்னும் மற்றொரு பூசணம் அழித்தது. 1945இல் அவை கைவிடப்பட்டன. ஆசியாவின் பால்மரங்களுள் மிகப் பெரும்பாலானவை 1876இல் விக்காம் கொணர்ந்த விதைகளின் வழிவந்தவை. ஒரே குடும்பத்தில் ஒன்றை வீழ்த்தும் நோய் மற்றவற்றையும் வீழ்த்தவல்லது. ஆதலால் 1956இல் செய்துகொண்ட தென்கிழக்காசியப் பயிர்க்காப்பு உடன்பாட்டில் இந்நோயைத் தடுப்பதற்கெனவே தனி விதிகள் வகுக்கப்பட்டன.

சோயா மொச்சையின் துருநோய் இன்னும் அண்மைச் சான்று. கீழ்த்திசையில் நெடுங்காலம் இருந்த இந்நோய் 2001இல் தென்னமெரிக்காவிலும், 2004 நவம்பரில் வட அமெரிக்காவின் லூசியானாவிலும் காணப்பட்டது. அவ்வாண்டின் புயலே வித்துகளைச் சுமந்து வந்திருக்கக்கூடும் என்பர். அந்நாட்டார் பத்தாண்டு காத்திருக்கவில்லை. அடுத்த ஆண்டே பல மாநிலங்களில் ‘காவல் வயல்கள்’ அமைத்தனர். உழவரின் பயிருக்கு முன்னதாகவே சிறு துண்டு நிலங்களில் சோயாவை விதைத்து, அவற்றின் அடியிலைகளை இடைவிடாது திருப்பிப் பார்ப்பார்கள். அங்கே துரு கண்டால், எந்த வட்டாரத்தில் மருந்து தெளிக்க வேண்டும், எங்கே வீண் செலவு என்பது முன்னரே தெரியும். வார்டின் கண்ணாடித் துண்டே வளர்ந்து வயலாயிற்று எனலாம்.

இவ்வரலாற்றில் துவெய்ட்சும் பெர்க்கிலியும் வார்டும் பெயர் பெற்றனர், பெறத்தக்கவரே. ஆயினும் காலைப் பெரட்டு முடிந்து நாள்தோறும் மரத்தருகே நின்றவர் யார்? காப்பிப் பழம் பறித்த கைதான் இலையையும் விலக்கியது. புள்ளியை முதலிற் கண்டவர் யார் என்பதை எந்த ஏடும் குறித்து வைக்கவில்லை. அவரைக் கேட்டெழுதும் வழக்கமும் அன்று இல்லை. இன்று நோய் கண்காணிப்பில் அறிவியல் துறையினர் முதலாவதாக வேண்டுவது, வயலில் நாள்தோறும் நிற்பவரின் கண்ணையும், அவர் கண்டதைத் தாமதமின்றி மேலே சேர்க்கும் வழியையுமே.

நிலத்துக்கு உரியவன் நாள்தோறும் சென்று பாராதிருந்தால், நிலம் மனையாளைப் போல் ஊடிவிடும் என்று உழவு அதிகாரத்தில் வள்ளுவர் கூறுகிறார். இவ்வட்டாரத்துத் தோட்டங்கள் பலவற்றுக்கு உரியவர்கள் கடல் கடந்து லண்டனில் பங்குதாரராக இருந்தனர். அவர்களுக்கு மாறாக நிலத்தை நாள்தோறும் சென்று பார்த்தவர் நம்மவர். குறளை வகுப்பில் விளக்கும் ஆசிரியர்கள், அந்த ‘உரியவன்’ யார் என்று மாணாக்கரை ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.