முகத்தாடை அறுவை மருத்துவத்தில் பாவனைப் பயிற்சி: ஒரு வரலாற்று நோக்கு

முகமும் தாடையும் சார்ந்த அறுவை மருத்துவம், உடலின் பிற பகுதிகளில் நிகழும் அறுவைகளிலிருந்து ஒரு முக்கியமான வகையில் வேறுபடுகிறது. வெட்டும் இடம் வாய்க்குள்ளே ஒடுங்கிக் கிடப்பதால் அறுவை மருத்துவர் காண்பதை அருகில் நிற்கும் மாணவர் காண்பதில்லை. அதே வேளையில், விளைந்த பிழையோ நோயாளி வாழும் காலமெல்லாம் எவர் கண்ணிலும் படும் இடத்தில் நிற்கிறது. ஆகவே, உயிருள்ள உடலைத் தொடுமுன் வேறொரு பொருளின்மீது கையைப் பழக்கும் பாவனைப் பயிற்சி இத்துறையில் மிகப் பழைய காலத்திலேயே தோன்றியது இயல்பானதே. ஆனால் அதன் வளர்ச்சி ஒரே நேர்கோட்டில் அமையவில்லை. கற்பவரின் கைக்காகத் தொடங்கிய இப்பயிற்சி, இடையில் நோயாளிக்கான திட்டமிடலாக உருமாறி, அண்மைக்காலத்தில்தான் மீண்டும் கற்பவரிடம் வந்து சேர்ந்திருக்கிறது என்பதே இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்து.

பண்டைய இந்திய மருத்துவ நூலான சுசுருத சங்கிதையின் சூத்திரத்தானத்தில் ஒன்பதாம் அதிகாரம் முழுவதும் பயிற்சிக்கென்றே ஒதுக்கப்பட்டுள்ளது. கீறலைப் பூசணி, சுரை, வெள்ளரி முதலிய காய்களிலும், தையலை மெல்லிய தோலின் விளிம்புகளிலும் அடர்ந்த துணியிலும், கட்டுப் போடுவதை ஆளுருவப் பொம்மையின் உறுப்புகளிலும் பழக வேண்டும் என்று அது வகுக்கிறது. முகத்தைச் சார்ந்த இரு குறிப்புகள் இங்கே தனிக் கவனத்துக்குரியவை. பிடுங்கி எடுக்கும் செயலைப் பலா, கோவை, வில்வம் ஆகியவற்றின் உட்பகுதியிலும் இறந்த விலங்கின் பற்களிலும் பழகச் சொல்வது ஒன்று; அறுந்த காது மடலை ஒட்டும் முறையை மென்மையான தசைத் துண்டிலும் ஆம்பல் தண்டிலும் பழகச் சொல்வது மற்றொன்று. ஒவ்வொரு செயலுக்கும் அதற்குரிய எதிர்ப்பைத் தரும் பொருளைத் தேர்ந்தெடுத்திருப்பதில், உருவ ஒற்றுமையைவிடக் கைக்குக் கிடைக்கும் உணர்வின் ஒற்றுமையே பெரிதென்ற தெளிவு வெளிப்படுகிறது. நூற்கல்வி எவ்வளவு நிறைந்தவராயினும் இப்பயிற்சி இல்லாதவர் அறுவைக்குத் தகுதியற்றவர் என்றும் அந்நூல் உறுதிபடச் சொல்கிறது.

இந்திய மூக்குச் சீரமைப்பு முறை ஐரோப்பாவை எட்டிய விதம் பலரும் அறிந்ததே. ஆங்கிலேயப் படையில் வண்டியோட்டியாக இருந்து, திப்பு சுல்தானின் படையிடம் பிடிபட்டு மூக்கிழந்த கோவாசி என்பவருக்குப் புனே அருகே செய்யப்பட்ட அறுவை, 1794இல் லண்டனின் 'ஜென்டில்மன்ஸ் மேகசின்' இதழில் வெளியானது. மெல்லிய மெழுகுத் தகட்டை மூக்கின் வடிவில் அமைத்து, பின்னர் அதைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்து, அதன் எல்லையை வரைந்து தோலை எடுத்ததாக அக்குறிப்பு விவரிக்கிறது. அதைப் படித்த ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஜோசப் கார்ப்யூ, சடலங்களில் அம்முறையைப் பழகிய பின்பே 1814இல் உயிருள்ள நோயாளியிடம் அதைச் செய்து, 1816இல் நூலாக வெளியிட்டார். மெழுகுத் தகடு அந்த ஒரு நோயாளியின் அளவுக்காக உருவானது. சடலமோ கார்ப்யூவின் கைக்காக. திட்டமிடல், பயிற்சி என்னும் இரு நோக்கங்களும் இந்நிகழ்வில் அருகருகே நிற்கின்றன.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இவ்விரண்டும் பிரிந்தன. பல் மருத்துவம் தன் மாணவர்களுக்கென உலோகத் தாடையும் பற்களும் கொண்ட செயற்கைத் தலையை ஏற்றுக்கொண்டது; ஆஸ்வால்டு பெர்கசு 1894இல் அறிமுகப்படுத்திய அத்தலையின் வழித்தோன்றல்கள் இன்றும் ஒவ்வொரு பல் மருத்துவக் கல்லூரியிலும் உள்ளன. அறுவை மருத்துவமோ, ஜான்ஸ் ஹாப்கின்ஸில் வில்லியம் ஹால்ஸ்டெடு உருவாக்கிய உறைவிடப் பயிற்சியைப் பின்பற்றி, மூத்தவரின் மேற்பார்வையில் நோயாளியிடமே படிப்படியாகக் கற்கும் வழியை மேற்கொண்டது. பல்லுக்கும் கத்திக்கும் நடுவே நின்ற முகத்தாடைத் துறை, கற்பிக்கும் முறையில் பின்னதன் பக்கமே சாய்ந்தது.

முதல் உலகப் போர் இத்துறைக்குப் பெருந்திரளான நோயாளிகளைக் கொண்டுவந்தது. 1917இல் இங்கிலாந்தில் திறக்கப்பட்ட சிட்கப் மருத்துவமனையில், அறுவை மருத்துவர் அரால்டு கில்லீசும் அவருடன் பணியாற்றிய பல் மருத்துவர்களும் சிதைந்த முகங்களைச் சாந்து வார்ப்புகளாக எடுத்து, இழந்த பகுதியின் அளவை அவற்றில் கணித்த பின்பே அறுவையைத் தீர்மானித்தனர். ஓவியர் என்றி டாங்க்சு வரைந்த வண்ணப் படங்களும் இவ்வகையில் மருத்துவ ஆவணங்களாயின. அங்கிருந்த இளம் மருத்துவர்கள் இவ்வார்ப்புகளின் வழியே கற்றனர் எனினும், அவை அவர்களுக்காகச் செய்யப்பட்டவை அல்ல.

பிரெஞ்சு மருத்துவர் பால் டெசியரின் பணி இவ்வரலாற்றில் தனித்து நிற்கிறது. அவருக்கு முன்பே, மற்றொரு பிரெஞ்சு மருத்துவரான ரெனே லெ போர், சடலத் தலைகளைப் பலமாக அடித்து, நடுமுக எலும்புகள் எந்தெந்தக் கோடுகளில் முறிகின்றன என்பதை 1901இல் வகைப்படுத்தியிருந்தார். பிறவியிலேயே நடுமுகம் உள்ளொடுங்கிய நோயாளிகளுக்கு அதே கோடுகளில் எலும்பை வேண்டுமென்றே வெட்டி முகத்தை முன்னே கொணரலாம் என்பதைக் கில்லீசு ஒருமுறை முயன்று பார்த்து, விளைவு நிலைக்காததால் கைவிட்டார். டெசியர் அதைக் கையிலெடுத்தபோது, பாரிசில் சடலங்கள் கிட்டாமையால், தாம் படித்த நாந்து நகரின் உடற்கூற்றியல் கூடத்துக்குப் பயணம் செய்து வெட்டுகளை மீண்டும் மீண்டும் ஒத்திகை பார்த்தார். கண்குழியைச் சுற்றியும் மூளையின் அடித்தளத்தை ஒட்டியும் உளி செல்லும் அந்த அறுவையை 1967இல் ரோம் மாநாட்டில் அவர் முன்வைத்தபோது, முன்பின் அறியாத ஒரு துறையே பிறந்தது. முன்மாதிரி இல்லாத அறுவைக்கு ஒத்திகையே ஆசிரியராக அமைந்த நிகழ்வு இது.

தாடையை நகர்த்திச் சீராக்கும் அறுவைகள் பரவலானதற்கு, டிரவுனருடன் இணைந்து ஊகோ ஓப்வேகேசர் 1957இல் வெளியிட்ட கீழ்த்தாடை நெடுக்குப் பிளப்பு முறை அடிப்படையாயிற்று. கீழ்த்தாடையின் பின்கிளையில், நரம்பு எலும்புக்குள் நுழையும் துளைக்குச் சற்று மேலே உட்புற எலும்பில் ஒரு வெட்டும், கடைவாய்ப் பல்லின் அருகே வெளிப்புற எலும்பில் ஒரு வெட்டும் இட்டு, இரண்டையும் முன்விளிம்பு வழியே இணைத்து, மெல்லிய உளிகளால் எலும்பை உள்தகடு, வெளித்தகடு என இரண்டாகப் பிளப்பர். கீழுதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்வு தரும் நரம்பு இவ்விரு தகடுகளுக்கும் இடையே ஓடுகிறது. உளி எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்பதைப் பெரும்பாலும் சுத்தியலின் ஓசை மாறுவதையும் கைக்கு வரும் எதிர்ப்பு தளர்வதையும் கொண்டே உணர முடிகிறது. நேர்ந்த பிழை நிரந்தர மரமரப்பாகவோ, எலும்பு தவறான இடத்தில் முறிவதாகவோ முடியும்.

இவ்வறுவைக்கான ஆயத்தமாக வளர்ந்ததே 'மாடல் சர்ஜரி'. பற்களின் அச்செடுத்து வார்த்த சாந்து மாதிரிகளை, தாடையின் அசைவைப் பின்பற்றும் ஆர்டிகுலேட்டரில் பொருத்தி, கோடுகள் வரைந்து அளந்து, சிறு வாளால் அறுத்து, திட்டமிட்ட இடத்துக்கு நகர்த்தி மெழுகால் ஒட்டி, அந்நிலையில் பற்களுக்கிடையே வைக்கும் அக்ரிலிக் தகட்டைச் செய்வர். அறுவையின்போது தாடை எங்கே நிற்க வேண்டும் என்பதை அத்தகடே காட்டும். பட்ட மேற்படிப்பு மாணவர்கள் பல மணி நேரம் செலவிட்ட இப்பணி, தாடைகளின் உறவை அவர்களுக்கு ஆழமாகக் கற்பித்தது. ஆயினும் சாந்தில் நரம்பு இல்லை. அறுவையின் மிகக் கடினமான கணத்தைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

1983இல் மைக்கேல் வானியரும் ஜெப்ரி மார்ஷும் உடன் பணியாற்றியோரும் சி.டி. படங்களிலிருந்து முப்பரிமாண மண்டையோட்டு உருவங்களைக் காட்டியதும், சார்லஸ் அல் உருவாக்கிய ஒளிவார்ப்பு முப்பரிமாண அச்சு சில ஆண்டுகளில் அவ்வுருவங்களைக் கையில் பிடிக்கத்தக்க பொருளாக்கியதும், மறைந்திருந்த நரம்புப் பாதையை வெளிக்கொணர்ந்தன. மறுபுறம், எலும்பு முறிவுச் சிகிச்சைக்கான ஏ.ஓ. அமைப்பு 1960இல் டாவோசில் தொடங்கிய பயிலரங்குகளின் மரபில், முறிந்த நெகிழித் தாடைகளில் தகடும் திருகும் பொருத்திப் பழகும் வழக்கம் முகத்தாடைத் துறைக்கும் வந்தது. கற்பவருக்கென்றே தனிப் பொருள் செய்யும் எண்ணம் இவ்வாறு திரும்பி வந்தது.

அதை முழுமையாக்கியது தொடுவுணர்வுக் கருவி. 1990களின் தொடக்கத்தில் எம்.ஐ.டி.யில் தாமஸ் மேசியும் கென்னத் சாலிஸ்பரியும் வடிவமைத்த 'பேண்டம்' கருவியில், கையிலுள்ள பேனா போன்ற முனையை மோட்டார்கள் எதிர்த்துத் தள்ளுகின்றன. எலும்பு திரையில் நுண்கனங்களின் திரளாக நிற்கிறது; துளைக்கருவி தொட்ட கனங்கள் அகல, எதிர்ப்பு நொடிக்கு ஏறத்தாழ ஆயிரம் முறை புதிதாகக் கணிக்கப்படுகிறது. ஆம்பூர்கில் உருவான 'வாக்சல்மேன்' அமைப்பில் பல்வேர் நுனி நீக்கும் அறுவையைப் பழகிய மாணவர்கள், பின்னர் பன்றித் தாடையில் அதைச் செய்தபோது அண்டை உறுப்புகளைப் பழகாதவர்களைவிட நன்கு காத்தனர் என்பது குறிப்பிடத்தக்க முடிவு. ஏனெனில் அது திரைக்கு வெளியே, எலும்பில் சோதிக்கப்பட்டது. ஸ்டாக்ஹோமில் ஞானப்பல் அறுவைக்கென இவ்வகைக் கருவி உருவானது.

2018இல் வெளியான ஓர் ஆய்வு இந்தியாவைத் தொட்டது. ஏழு இந்தியப் பல் மருத்துவக் கல்லூரிகளின் 95 பட்ட மேற்படிப்பு மாணவர்கள் பங்கேற்ற அந்தச் சோதனையில், தலையில் அணியும் மெய்நிகர் கருவி வழியே மேல்தாடையை நகர்த்தும் லெ போர் முதல்வகை அறுவையைக் கற்றவர்களின் தன்னம்பிக்கை கூடியது. இம்முடிவு வரவேற்கத்தக்கதே. எனினும் தன்னம்பிக்கையும் திறனும் ஒன்றல்ல; அக்கருவியில் கைகளின் அசைவு பதிவானதேயன்றி எலும்பின் எதிர்ப்பு கைக்குத் திரும்பவில்லை. பலாவையும் ஆம்பல் தண்டையும் தெரிந்தெடுத்த பழைய நூல் முதன்மையாகக் கருதிய கூறு இங்கே விடுபட்டிருக்கிறது. நெடுக்குப் பிளப்பைப் பயிற்றும் எந்தக் கருவியையும் மதிப்பிட வேண்டிய இடம், அதில் பயின்றவர் அறுவை செய்த நோயாளியின் கீழுதட்டில் ஓராண்டுக்குப் பின் உணர்வு எவ்வளவு மீண்டிருக்கிறது என்பதாகும். அந்த அளவீட்டை மருத்துவமனைகள் வழக்கமான பின்தொடர் பரிசோதனையிலேயே எடுக்க இயலும்.