உப்பு வரிக் கணக்கும் சட்டப் படிப்பும்

மரக்காணம் உப்பளத்துப் பிள்ளைகளில் சிலருக்கு வக்கீல் ஆகணும்னு ஆசை வந்திருக்கிறது. பிளஸ் டூ முடிச்சதும் ஐந்து வருசப் படிப்பில் சேரலாம். ஏதாவது ஒரு டிகிரி முடிச்சு மூன்று வருசப் படிப்புக்கும் போகலாம். அந்த டிகிரியில என்ன எடுக்கறதுன்னுதான் என்னிடம் கேட்கிறார்கள். பார் கவுன்சில் விதியில் எந்தப் பாடமும் கட்டாயமில்லை. டிகிரியில் நம் பிள்ளைகளுக்கு 40 சதவீதம் போதும். ஆனால் ‘எதையாவது எடு’ என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அம்பேத்கர் நேராகச் சட்டத்துக்குப் போனவர் இல்லை. 1912இல் பம்பாயில் பொருளாதாரமும் அரசியலும் படித்து பி.ஏ. வாங்கினார். கொலம்பியாவில் அவர் படித்த பாடங்களில் பொருளாதாரம் 29, வரலாறு 11. 1915இல் எம்.ஏ.வுக்காகக் கிழக்கிந்தியக் கம்பெனியின் நிர்வாகத்தையும் நிதியையும் ஆராய்ந்தார். கம்பெனியின் வருமானத்தில் நிலவரி, அபினியோடு உப்பும் இருந்தது. சென்னை மாகாணத்தில் 1805இலேயே உப்பு கம்பெனியின் ஏகபோகம் ஆகிவிட்டது. பாத்தியில் கால் வெந்தவனுக்குக் கூலி, கஜானாவுக்கு லாபம். இந்தக் கணக்கெல்லாம் படித்த பிறகுதான் 1922இல் அவர் பாரிஸ்டர் ஆனார். 1937இல் பம்பாய் சட்டசபையில், கொங்கணக் குடியானவர்களை உறிஞ்சிய கோத்தி என்னும் இடைத்தரகர் முறையை ஒழிக்க மசோதா கொண்டுவந்தார். நிலவரி தெரிந்தவர் கொண்டுவந்த மசோதா அது.

நம்ம பக்கத்துக்கு வருவோம். செங்கல்பட்டு கலெக்டர் டிரெமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் பஞ்சமி நிலத்துக்கான அரசாணை வந்தது. பத்து வருசம் யாருக்கும் விற்கக் கூடாது, அதுக்கப்புறமும் நம்ம மக்களுக்கு மட்டுந்தான் என்பது நிபந்தனை. அப்படியும் நிலம் கைமாறிப் போச்சு. காரணையில் அதைக் கேட்டுப் போராடியதற்கு 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரையும் இழந்தோம். பஞ்சமி நில வழக்கில் செக்‌ஷன் மட்டும் மனப்பாடம் செய்தவர் என்ன செய்வார்? பழைய ரெவின்யூ பதிவேட்டைப் படித்து, நிலம் எந்த வருசம் யார் பேரிலிருந்து யார் பேருக்குப் போனது என்று காட்டணும். அது வரலாறு படித்தவர் வேலை.

2013 ஏப்ரல் 25இல் மரக்காணத்தில் நம் வீடுகள் எரிந்தன. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989லேயே வந்துவிட்டது. அதன் 1995ஆம் வருச விதிப்படி டி.எஸ்.பி.க்குக் குறைந்தவர் விசாரிக்கக் கூடாது. இதை ஸ்டேஷன் வாசலில் நின்று சொல்ல ஊருக்குள்ளேயே ஆள் வேணும்.

‘வரலாறு சோறு போடுமா?’ன்னு அம்மாக்கள் கேட்பது நியாயம்தான். ஜூனியர் வக்கீலுக்கு முதல் சில வருசம் பஸ் காசு மிஞ்சினாலே பெரிசு. மழைக்காலத்தில் உப்பளத்திலும் வேலை கிடையாது. ஆகவே தனியாகவும் பிழைக்க உதவும் டிகிரி வேணும். வரலாறோ பொருளாதாரமோ படித்தால் டி.என்.பி.எஸ்.சி. எழுதலாம், வரலாறு என்றால் பி.எட். முடித்து வாத்தியாரும் ஆகலாம். விழுப்புரத்திலேயே 2017 முதல் அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. முதலில் உப்பளத்துக் கூலிக் கணக்கையும் நிலத்தின் கதையையும் படியுங்கள், தம்பி தங்கைகளே. சட்டத்தை அதற்கப்புறம் கையில் எடுங்கள்.