சீரோனாவின் முதலெழுத்து

சீரோனா, நீரூற்றுகளுக்குரிய கெல்டிக் தெய்வம். கௌல் நாட்டுக் (இன்றைய பிரான்சும் அதை ஒட்டிய பகுதிகளும்) கல்வெட்டுகளில் அவள் பெயரின் முதலெழுத்தைக் கவனியுங்கள். ஒரு கல்லில் 'எஸ்', இன்னொன்றில் 'டி-எச்', வேறொன்றில் நடுவே கோடு போட்ட 'டி'. நம்ம மாணவர் இப்படி எழுதினால் உடனே சிவப்பு மைதான்! இங்கே கொஞ்சம் பொறுங்கள்.

கௌலிய மொழியில் 'த்ஸ்' போன்ற ஓர் ஒலி இருந்தது. சீசர் படையெடுப்புக்கு (கி.மு. 58–50) முன்பே தெற்கில் கிரேக்க எழுத்தில் எழுதியவர்கள் அதற்குத் 'தீட்டா'வைப் போட்டார்கள். பிறகு வந்த லத்தீன் நெடுங்கணக்கில் அதற்கு எழுத்தே இல்லை. ஆளுக்கொரு வழி பார்த்தார்கள். நாளடைவில் ஒலியும் 'ஸ்ஸ்' எனத் தேய்ந்தது, எழுத்தில் 'எஸ்' வந்து உட்கார்ந்தது.

ரோமானியர் காதிலும் இது விழுந்திருக்கிறது. வர்ஜில் பெயரில் வழங்கும் குறுங்கவிதை ஒன்று, ஒரு பேச்சாளரைக் கிண்டலடிக்கும்போது 'கௌலியரின் தாவ்' என்று ஓர் எழுத்தைச் சுட்டுகிறது. ஆய்வாளர்கள் இந்த ஒலியை இன்றும் அந்தப் பெயரால்தான் அழைக்கிறார்கள்.