எடையும் குறையும்

பிறவிக் குறைகளை எட்டு என்று எண்ணிச் சொன்னவர் உறையூர் முதுகண்ணன் சாத்தனார். சோழன் நலங்கிள்ளியைப் பாடும் புறநானூற்று 28ஆம் பாடலில், உறுப்புகள் உருவாகாத பிண்டமும் அவ்வெட்டில் ஒன்று. 74ஆம் பாடலில் சேரமான் கணைக்கால் இரும்பொறை, இறந்து பிறந்த குழவியையும் தசைத்திரளையும்கூட வாளால் வெட்டும் வழக்கத்தைச் சொல்கிறான். மறத்தின் உச்சம் என்றே அதற்கு உரை கேட்டு வந்திருக்கிறோம். அந்தத் தசைத்திரளும் ஓர் ஆளாகக் கணக்கில் சேர்ந்தது என்பதல்லவா முதலில் நம் கண்ணில் பட வேண்டியது?

உயிரோடு பிறந்து, எடையும் குன்றி, உறுப்பிலும் குறைபட்ட சிசுவுக்குக் கணக்கு எழுதப்பட்டது மிகப் பிற்காலத்தில்தான். 1880களின் தொடக்கத்தில் தார்னியே பாரிஸில் புகுத்திய வெப்பப்பெட்டி குளிரிலிருந்து காத்தது. உருவாகாத உறுப்புக்கு அதனால் ஒன்றும் செய்ய இயலவில்லை.

உணவுக்குழாய் இரைப்பையை எட்டாமல் நடுவிலேயே முடிந்துவிடும் குறையை எடுத்துக்கொள்வோம். 1941இல் மிச்சிகனில் கேமரன் ஹெய்ட் இரு முனைகளையும் ஒரே அறுவையில் இணைத்து ஒரு குழந்தையைப் பிழைக்கவைத்தார். 1962இல் லண்டன் கிரேட் ஆர்மண்ட் தெரு மருத்துவமனையின் வாட்டர்ஸ்டன் கணக்கிட்டபோது, நல்ல எடையும் நலமும் உடையவற்றில் 95 விழுக்காடு பிழைத்திருந்தன. 1.8 கிலோவுக்குக் குறைந்தவையும் கடும் நிமோனியாவோ வேறு பெருங்குறையோ கொண்டவையும் அடங்கிய கடைசிப் பிரிவில் 6 மட்டுமே. 1994இல் அதே மருத்துவமனையில் ஸ்பிட்ஸ் குழுவினர் இரண்டே கேள்விகளைக் கேட்டனர்: எடை 1.5 கிலோவுக்குக் குறைவா? இதயத்தில் பெருங்குறை உண்டா? இரண்டுக்கும் 'இல்லை' என்றால் 97 விழுக்காடு பிழைத்தன. ஒன்றுக்கு 'ஆம்' என்றால் 59. இரண்டுக்கும் 'ஆம்' என்றால் 22. அந்த 22ஐ நாம் சிறிய எண்ணாகக் கருதவில்லை.

ஆனால் இவையெல்லாம் மருத்துவமனையை உயிரோடு எட்டிய குழந்தைகளின் கணக்கு. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் 1823இல் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்ததே இன்றைய ஜிப்மர். பள்ளி அத்தனை பழையது. அதற்காக, ஏம்பலத்தில் வீட்டில் பிறந்த குறைமாதப் பிள்ளைக்கு நூறாண்டுக்கு முன் அங்கே இடமிருந்தது என்று எண்ணிவிடக் கூடாது. குழந்தையறுவை என்ற துறையே அன்று உருப்பெறவில்லை. ஏழாம் மாதப் பிள்ளை தங்கும், எட்டாம் மாதத்தது தங்காது என்பது தமிழ் ஊர்களின் நம்பிக்கை. கிரேக்கத்து ஹிப்போகிரட்டஸ் மரபு நூல்களிலும் இதுவே உண்டு என்பது வியப்பு.

அத்தகைய வீட்டில், உணவுக்குழாய் முடியாத சிசுவின் நாவில் சேனை தொட்டு வைப்பார்கள். சர்க்கரைத் தண்ணீர் இறங்க வழியின்றி மூச்சுக்குழலுக்குள் போகும். குழந்தை புரையேறி நீலம் பாரிக்கும். 'எட்டாம் மாதப் பிள்ளை' என்று சொல்லிப் புதைத்திருப்பார்கள். குறை இன்னதென்று எந்தப் பதிவேட்டிலும் ஏறியிராது.