முறை வரும் நாள்

சென்னையில் சதுரங்கப் பந்தயங்கள் நடத்தும் நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. சென்ற மாதம் அவரைப் பார்த்தபோது மனிதர் வாடிப்போயிருந்தார். மண்டபம் ஒன்று, ஞாயிற்றுக்கிழமையும் ஒன்று. பெரியவர்களின் லீக் ஆட்டமும் சிறுவர்களின் பந்தயமும் அந்த ஒரே நாளில் நடந்தாக வேண்டும். காலையைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தால், "சந்தா கட்டுகிறவர்கள் நாங்கள் அல்லவா?" என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். மாலையைக் கொடுத்தால், "விடிந்தால் பள்ளிக்கூடம் ஆயிற்றே!" என்று தாய்மார்கள் சண்டைக்கு வருகிறார்கள்.

"கதை எழுதுகிறவர்தானே நீங்கள்? இதற்கு ஒரு வழி சொல்லுங்கள்" என்றார்.

கதை எழுதுகிறவனுக்குக் கால அட்டவணை போடத் தெரியாது. ஆனால் இடம் ஒன்று, ஆட்கள் பலர், யாருக்கு எப்போது என்ற இந்தச் சிக்கலைத் தலைமுறை தலைமுறையாகத் தீர்த்து வந்த ஒரு கூட்டத்தாரைப் பற்றி எனக்குத் தெரியும். அவர்கள் காய் நகர்த்துகிறவர்கள் அல்லர், வலை கட்டுகிறவர்கள்.

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டரில் இருக்கிறது பழவேற்காடு. ஊருக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் டச்சுக்காரர்களின் கல்லறைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். 1613-இல் அவர்கள் இங்கே கெல்டிரியாக் கோட்டையைக் கட்டினார்கள். 1690-இல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றினார்கள். கோட்டை போய்விட்டது, அதன் பெயர் கோட்டைக்குப்பம் என்ற மீனவர் ஊரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த ஊரும், அதன் அண்டை ஊர்களான நடுவூர் மாதாகுப்பமும் ஆண்டிக்குப்பமும்தான் நம்முடைய கதைக்கு வேண்டியவை.

ஏரி மிகப் பெரியது. அதன் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. ஆனால் எல்லா நீரும் ஒரே நீர் அல்ல. கடலும் ஏரியும் கலக்கும் முகத்துவாரத்தின் அருகே, அலையேற்றமும் வற்றமும் ஓடும் இடங்களில்தான் இறால் வரும். அங்கே கழிகளை நட்டு, நீரோட்டத்தை எதிர்த்து வலை கட்ட வேண்டும். எல்லாரும் ஒரே நாளில் கட்டினால் முன்னால் கட்டியவன் வலையில் இறால். பின்னால் கட்டியவன் வலையில் பாசி. அப்புறம் கரையில் அடிதடி.

இதற்கு அவர்கள் கண்ட ஏற்பாட்டுக்குப் 'பாடு' என்று பெயர். மீன்பிடிக்கும் இடமும் பாடு. அதில் இறங்கும் உரிமையும் பாடு. உழைப்புக்கும் துன்பத்துக்கும் தமிழில் அதே சொல்தான் என்பதை நினைத்தால் வேடிக்கையாக இருக்கிறது. ஊருக்கு ஊர் முறை; ஊருக்குள் ஆளுக்கு ஆள் முறை. யாருக்கு முதலில் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வார்கள். நல்ல இடம் இன்று உனக்கு, நாளை எனக்கு. மீறினால் ஊர்ப் பஞ்சாயத்து அபராதம் போடும். இலங்கையில் நீர்கொழும்பு மீனவர்களிடமும் இப்படிச் சீட்டுப் போடும் வழக்கம் உண்டு. அங்கே 1958-இல் சர்க்கார் அதை விதியாகவே எழுதிவிட்டது. பழவேற்காட்டில் அது ஊர் வழக்காக நின்றது.

கேட்பதற்கு எவ்வளவு நேர்மையாக இருக்கிறது! நானும் முதலில் மயங்கித்தான் போனேன். ஆனால் சீட்டுக் குலுக்கும் குடத்துக்குள் யார் பெயரைப் போடுகிறார்கள்?

தலைக்கட்டின் பெயரைத்தான் போடுகிறார்கள். பட்டினவர் குலத்தில் பிறந்து, கல்யாணமாகி, தனிக் குடும்பமாகி, ஊர் வரி கட்டுகிறவன்தான் தலைக்கட்டு. பதினைந்து வயதுப் பையன் அப்பனோடு போவான், கழி ஊன்றுவான், இருட்டில் வலையைத் தூக்குவான். நீரோட்டம் எப்போது திரும்பும் என்பதை அப்பனைவிட நன்றாகக்கூடச் சொல்லுவான். ஆனால் குடத்தில் அவன் பெயர் இராது. மாலை மாற்றிக்கொண்ட பிறகு வரட்டும் என்பது ஊரின் தீர்ப்பு.

இதில் நியாயம் இல்லாமல் இல்லை. 30 தலைக்கட்டுகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்: ஓர் இடத்துக்கு ஒருவன் முறை 30 நாளுக்கு ஒரு தடவை வரும். பிள்ளைகளையும் சேர்த்து 60 ஆக்கினால், இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். அதுவரை உலை எப்படிக் கொதிக்கும்? குடும்பத்துக்கு ஒரு பங்கு என்ற கணக்கு பசியிலிருந்து பிறந்த கணக்கு. ஆனால் 1970-களிலும் 80-களிலும் இறாலுக்கு வெளிநாட்டுச் சந்தை பிறந்து விலை ஏறியதும், பாட்டில் இடமில்லாத மற்றச் சாதியாரும் மற்ற ஊராரும், "இந்த ஏரி உங்கள் பாட்டன் வெட்டியதா?" என்று கேட்கத் தொடங்கினார்கள். சச்சரவுகள் எழுந்தன. சீட்டின் நேர்மை வெளியே நின்றவனுக்கு ஒன்றும் செய்யவில்லை.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்குச் சென்னையின் தால் சதுரங்கக் கழகம் நினைவுக்கு வந்தது. 1972-இல் சோவியத் கலாசார நிலையத்தில் தொடங்கியது அது. இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டரான மானுவல் ஆரன் அதன் தூண். அங்கே மின்னல் வேக ஆட்டத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது: வென்றவன் பலகையில் இருப்பான், தோற்றவன் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போவான். மயிலாடுதுறையில் பிறந்த விசுவநாதன் ஆனந்த் என்ற சிறுவன் அந்த வரிசையில்தான் பெரியவர்களுக்கு நடுவே நின்று பழகினான். மீசை முளைக்கட்டும் என்று யாரும் சொல்லவில்லை. 1983-இல் தேசிய சப்-ஜூனியர் பட்டத்தை 9-க்கு 9 எடுத்து வென்றான். 1987-இல் உலக ஜூனியர் பட்டம்.

பலகை வேறு, தண்ணீர் வேறு என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். ஒரு சிறுவனிடம் தோற்ற வக்கீலின் வீட்டில் அன்று இரவு அடுப்பு எரியாமல் போவதில்லை. அதனால்தான் குப்பத்துப் பெரியவர்களை என்னால் ஒரேயடியாகக் குறை சொல்ல முடியவில்லை. மண்டபத்துப் பெரியவர்களுக்கு அந்தச் சலுகையைக் கொடுக்கவும் மனம் வரவில்லை.

2022-இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது, பொதுப்பிரிவில் இந்தியாவின் இரண்டாவது அணி பெரும்பாலும் பையன்களால் ஆனது. குகேஷும் பிரக்ஞானந்தாவும் அதில்தான் ஆடினார்கள். அதே கூடம், அதே நேரம். பையன்களின் அணி வெண்கலம் வாங்கியது. மூத்தவர்களின் முதல் அணி நான்காவதாக நின்றது.

இவ்வளவையும் நண்பரிடம் சொல்லி, "காலை, மாலை என்று பிரிக்காதீர்கள். எல்லார் பெயரையும் ஒரே குடத்தில் போட்டுக் குலுக்குங்கள்" என்றேன்.

அவர் வெகுநேரம் யோசித்தார். பிறகு, "அது சரி, ஐயா! பிள்ளைகளோடு வரும் தாய்தகப்பன்மாரை எங்கே உட்காரவைப்பது?" என்று கேட்டார்.