குவெட்டா நிலநடுக்கமும் இருப்புப்பாதை மனைகளும்

அந்நாள் இந்தியாவின் வடமேற்கெல்லையில் இருந்ததும், இந்நாள் பாகிஸ்தானத்துள் அடங்கியதுமாகிய பலுசிஸ்தானத்தின் தலைநகர் குவெட்டா. கி.பி. 1935-ஆம் ஆண்டு மே மாதம் 31-ஆம் நாள், விடியற்குமுன் மூன்று மணியளவில், அந்நகரம் நிலநடுக்கத்தால் பாழாயிற்று. மாந்தரெல்லாம் மனைக்குள் உறங்கிய வேளை அஃது ஆதலின், மாண்டவர் தொகையை 30,000 என்பாரும் 60,000 வரை கூறுவாரும் உளர்.

அவரைக் கொன்றது நிலமோ எனின், அன்று. அவர்தம் சுவருங் கூரையுமே கொன்றன. வெயிலில் உலர்த்திய மண்கல்லைச் சேற்றால் இணைத்தெழுப்பிய சுவர்மீது, தடித்த மண்கூரை பரப்புதல் அந்நாட்டு வழக்கு. சுவர் தன்மேல் நேரே இறங்கும் பாரத்தைத் தாங்கவல்லது. நிலம் பக்கவாட்டில் அசையுங்கால், கூரை தன் கனத்திற்கேற்பச் சுவரைப் பக்கத்தே தள்ளும். கனம் மிகுந்தோறும் அவ்விசையும் மிகும். இழுப்பைத் தாங்கும் ஆற்றல் சேற்றிணைப்பிற்கு இன்மையின் மூலைகள் பிளக்கும். சுவர்கள் புறத்தே சாயும். கூரை உள்ளே விழும். வெப்பமுங் குளிருந் தடுக்க இட்ட மண்ணே உறங்குவார்மேல் விழுந்தது.

இதனை முன்னரே கருதியுணர்ந்தார் ஒருவர் இருந்தனர். 1931-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 27-ஆம் நாள் மச் என்னும் ஊரைத் தாக்கிய நிலநடுக்கத்தின் பின்னர், குவெட்டாவில் இருப்புப்பாதை ஊழியர்க்கு மனைகள் எடுக்கவேண்டியதாயிற்று. அப்பணியில் அமர்ந்த இளம் பொறிஞர் எஸ். எல். குமார் என்பார், கட்டடம் தன் எடையிற் பத்திலொரு பங்கு விசையைப் பக்கவாட்டிலுந் தாங்குதல் வேண்டுமென விதித்துக்கொண்டார். இக்கொள்கை முற்றும் புதிதன்று. 1908-இல் மெஸ்ஸினா நகரம் அழிந்தபின், இத்தாலிய அறிஞர் கீழ்நிலைக்குப் பன்னிரண்டிலொரு பங்கும் மேனிலைகட்கு எட்டிலொரு பங்கும் கொள்க எனக் கூறியிருந்தனர். குமார் செய்த புதுமை யாதெனின், தம் கைக்கு எளிதிற் கிடைத்த தண்டவாளங்களையே தூணுங் குறுக்குச் சட்டமுமாகப் பிணைத்துச் சட்டகம் அமைத்தமையாம். செங்கற்சுவர் அதனிடையே நிரப்பாய் நின்றது. இதன் கணக்கையும், இந்தியாவில் நடுக்கம் மிக்க பகுதிகளைக் காட்டும் படமொன்றையும் 1933-இல் கட்டுரையாக வெளியிட்டார்.

1934-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் நாள் பீகாரும் நேபாளமும் நடுங்கின. தீண்டாமைக் குற்றத்திற்கு இறைவன் விதித்த தண்டம் அஃதெனக் காந்தியடிகள் கூற, இயற்கை நிகழ்ச்சிக்கு இயற்கையே காரணமென இரவீந்திரநாத தாகூர் மறுத்தார். இருவர் கூற்றும் பெரியார் கூற்றே. ஆயினும், ஒரு தெருவில் ஒரு வீடு விழ மற்றொன்று நிற்பது எதனால் என்னும் சிறு வினாவிற்கு விடை குமாருடைய கட்டுரையிலேயே கிடந்தது. குவெட்டாவின் மண்மனைகளோ மாறாதிருந்தன.

அடுத்த ஆண்டில் அந்நகரம் வீழ்ந்தபோது குமார் எடுத்த மனைகள் வீழ்ந்தில. கருதலளவையாற் கொண்ட முடிபு காட்சியளவையாயிற்று. எனினும், அக்காட்சிக்குக் கொடுத்த விலை பெரிது.

அதன்பின்னரே விதிகள் வகுத்து நகரைக் கட்டினர். தண்டவாளம் எல்லார்க்கும் எய்தாதாகலின், ஒன்றரைச் செங்கல் தடிப்புள்ள சுவருள் இடையிடையே குழிவிட்டு அடுக்கி, அக்குழியில் நிலைக்குத்தாக இரும்புக் கம்பி நிறுத்திக் காரையால் நிரப்பும் முறை மேற்கொள்ளப்பட்டது. சுவரைச் சுற்றிக் கிடையாகக் கம்பியிட்ட கான்கிரீட்டுப் பட்டையும் ஓட்டினர். சுவர்கள் ஒன்றையொன்று விடாமற் பற்றி, முழுமனையும் ஒரு பெட்டிபோல் அசைதலே இவற்றின் பயன். நிலநடுக்கத்திற்கேற்பக் கட்டும் பொது விதிநூலை இந்தியத் தர நிறுவனம் வெளியிட்டது 1962-ஆம் ஆண்டிலாம். செங்கல் அடுக்கும் அம்முறை இன்றும் கட்டட நூல்களிற் 'குவெட்டாக் கட்டு' என்றே வழங்குகின்றது.